கிலியட்டின் நீல உடைப் பெண்கள்

மார்கரெட் அட்வுட்டின் 1985 நாவலான ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’இல் வரும் கிலியட் தேசம் என்றாலே எல்லோரும் ஆளும் கமாண்டர்களுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுக்க வைக்கப்பட்ட பணிப்பெண்களின் சிவப்பு அங்கியைத்தான் சொல்கிறார்கள், எனக்கு என்னவோ நீல உடையில் வளைய வரும் கமாண்டர் மனைவிகள் மேல்தான் கண் போகிறது. அந்தப் பிரசவக் காட்சியைப் பாருங்கள். இரண்டு பேர் உட்காரும் இருக்கை, வலியில் துடிக்கிறவள் முன்னால், எஜமானியம்மா அவளுக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில், என்னவோ தானே பெறுகிற மாதிரி! குழந்தை வெளியே வந்ததும் எஜமானியம்மா கைக்குப் போகிறது, பெயர் வைப்பதும் அவள்தான். பெற்றவள் சில மாதம் பாலூட்டிவிட்டு வேறு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

சரி, கமாண்டரிடம் குறை இருந்தால்? அந்தச் சட்டப்படி மலட்டு ஆண் என்று ஒருவனே கிடையாது, பழி முழுக்கப் பெண்ணுக்கு. ஆனால் அதே கமாண்டர் மனைவிதான் பணிப்பெண் கருத்தரிக்க ரகசியமாக வீட்டு டிரைவரை ஏற்பாடு செய்கிறாள், மாட்டினால் யார் தலை முதலில் உருளும் என்று சொல்லவா வேண்டும்.

கற்பனைதானே என்று தள்ளவும் முடியவில்லை. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்கு 1966இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டார், தொழிற்சாலைப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை வரை போனது. 1989 டிசம்பரில் அவர் வீழ்ந்த கையோடு புதிய ஆட்சி தூக்கியெறிந்த முதல் சட்டங்களில் அதுவும் ஒன்று.