ஹெக்சேன் பம்புக்கு ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார்: கிளாண்டும் சிலிக்கானும் படுத்திய பாடு

தவிட்டு எண்ணெய் ஆலையில் ஹெக்சேன் (எளிதில் தீப்பற்றும் கரைப்பான்) பம்புக்கு 15 கிலோவாட் ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார், அதாவது உள்ளே வெடித்தாலும் தீ வெளியே பரவாத மோட்டார், ஒருவழியாக ஏறிவிட்டது. ஷிம், கப்ளிங், அலைன்மென்ட் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. உயிரை வாங்கியது கேபிளை இணைக்கும் டெர்மினல் பாக்ஸ்தான்.

மோட்டாரில் கேபிள் நுழையும் ஓட்டை 1 அங்குல என்.பி.டி. மரை (கூம்பிச் செல்லும் மரை). கடைக்காரர் அனுப்பியதோ நேர் மரை உள்ள எம்32 கிளாண்ட் (ஓட்டையில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பிடி). ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் சிக்கிக்கொள்ளும். "டெஃப்லான் டேப் சுத்தி இறுக்கிடலாம் சார்" என்றார் கான்ட்ராக்டர். கூடவே கூடாது! ஃபிளேம்ப்ரூஃப் பெட்டி வாயுவை உள்ளே விடாத பெட்டி அல்ல. வாயு உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும். அந்தச் சூடான வாயு மரை இடுக்கிலும் மூடி விளிம்பிலும் உரசிக் குளிர்ந்து வெளியேறுவதில்தான் பாதுகாப்பே இருக்கிறது. மரை சரியாகக் கவ்வாவிட்டால் அந்த வழி கெட்டுப்போகும். நேர் மரை என்றால் குறைந்தது 5 மரையாவது முழுதாகக் கவ்வ வேண்டும். கிளாண்டைத் திருப்பி அனுப்பி, சான்றிதழோடு சரியான டபுள் கம்ப்ரெஷன் கிளாண்ட் வரும்வரை வேலை நின்றது. ஆர்டரில் கேபிளின் வெளி விட்டத்தோடு மரை வகையையும் எழுதுங்கள். பயன்படாத ஓட்டையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி லாரிப் பயணத்துக்கு மட்டும்தான். அங்கே சான்றிதழ் உள்ள உலோக பிளக் வர வேண்டும்.

அடுத்து, மழைக்கு பயந்து மூடி விளிம்பு முழுக்க யாரோ சிலிக்கான் பசை பூசிவிட்டார்கள். இறுகும் பசை இரண்டு முகங்களையும் பிரித்து நிறுத்திவிடும், இடைவெளி கூடிவிடும். சுரண்ட எமரித் தாள், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. பிளாஸ்டிக் தகடால் பொறுமையாக எடுத்து, துணியால் துடைத்து, இறுகாத கிரீஸ் மெல்லிசாகத் தடவினோம். பெயின்டும் அந்த முகத்தில் படக் கூடாது. ஒரு போல்ட் குறைந்தாலும் மூடி முழுமையில்லை. தலையில் 8.8 என்று இருந்தால் அதே தரத்தில்தான் மாற்று.

மூடி விளிம்புக்கு எதிரே 6 மி.மீ. தள்ளி ஒரு பைப் சப்போர்ட் நின்றது. வெடிக்கும் வாயுக்களில் ஹெக்சேன் ஐஐஏ குரூப், அதற்கு 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும் (ஐஐபி குரூப்புக்கு 30, ஐஐசி குரூப்புக்கு 40). சப்போர்ட்டை நகர்த்தினோம்.

மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) போடும் முன் கேஸ் டிடெக்டர் பூஜ்யம் காட்டட்டும், வேலைக்கான பெர்மிட் கையில் இருக்கட்டும். 500 வோல்ட் கொடுத்த பிறகு வைண்டிங்கை டிஸ்சார்ஜ் செய்யாமல் வயரைத் தொடாதீர்கள், அதிலிருந்தே பொறி வரும். பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த், பெட்டிக்குள் கேபிளின் எர்த். மூடுவதற்கு முன் கிளாண்ட் மேலிருக்கும் சான்றிதழ் எண்ணைப் படமெடுத்து ஃபைலில் வையுங்கள், ஆய்வுக்கு வருபவர் கேட்கும்போது திரும்பப் பிரிக்க வேண்டியிருக்காது.