ஜப்பான் பள்ளியில் மதியச் சாப்பாடு: ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

ஜப்பானில் தொடக்கப்பள்ளிக்கோ நடுநிலைப்பள்ளிக்கோ துணை ஆங்கில ஆசிரியராகக் கிளம்புகிறவர்கள் விசா, சம்பளம், பாடப்புத்தகம் என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். மதியச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் விசாரிக்கமாட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் தடுமாறுவது பெரும்பாலும் அதில்தான்.

நம் ஊரில் மணி அடித்ததும் ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் கூடி, டிபன் பாக்ஸைத் திறந்து, ஒருவர் பொரியலை இன்னொருவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். அங்கே பள்ளிச் சாப்பாட்டுக்குக் 'கியூஷொகு' என்று பெயர். அதை ஓய்வு நேரமாக நினைக்கக் கூடாது. வகுப்பாசிரியர் வகுப்பறையிலேயே உட்கார்ந்து, பிள்ளைகள் சாப்பிடும் அதே சாப்பாட்டை அவர்களோடு சாப்பிட்டபடி சொல்லிக்கொடுக்கிற நேரம் அது. 1889-இல் யமகாத்தா மாகாணத்தின் த்சுருஓகா ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் மீனும் ஊறுகாயும் கொடுத்ததில் தொடங்கிய வழக்கம். 1954-இல் பள்ளி உணவுச் சட்டமும் 2005-இல் உணவுக்கல்விச் சட்டமும் வந்தன. ஆகவே நீங்கள் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்தான். முப்பது ஜோடிக் கண்கள் உங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். சிலருக்கு மதிய நேரம் வேலை நேரக் கணக்கில் வரும், சிலருக்கு வராது. வராதவர்கள் ஆசிரியர் அறையில் சாப்பிட்டால் தப்பில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாளாவது வகுப்பில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாடம் நடக்கும்போது வாயே திறக்காத பிள்ளை சாப்பாட்டு நேரத்தில்தான் பேசத் தொடங்கும்.

எந்த வகுப்பு என்பதைக் காலையிலேயே துணைத் தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். அவரைக் 'கியோதோ சென்செய்' என்பார்கள். இதைக் கேட்காமல் விட்டால்தான் குழப்பம். சாப்பாடு வகுப்பு வாரியாக, தலைக்கணக்குப்படி பாத்திரங்களில் வரும். உங்கள் பங்கு ஆசிரியர் அறைக் கணக்கில் வந்திருக்க, நீங்கள் நேராக ஐந்தாம் வகுப்புக்குள் போய் உட்கார்ந்தால் அங்கே ஒரு தட்டு குறையும். உங்கள் பங்கு ஆசிரியர் அறையில் இருந்தால் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவதுதான் முறை.

நான்காவது பாடவேளை முடிந்ததும் அந்த வாரத்து முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை மேலங்கி, தொப்பி, முகக்கவசம் போட்டுக்கொண்டு சாப்பாட்டு வண்டியைத் தள்ளி வருவார்கள். மற்றவர்கள் கைகழுவிவிட்டு மேசைகளைத் திருப்பி நாலைந்து பேர் கொண்ட குழுவாகச் சேர்ப்பார்கள். கொரோனா காலத்தில் எல்லாரும் முன்னால் பார்த்து உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டார்கள். அந்த வழக்கத்தை இன்னும் விடாத பள்ளி என்றால் நீங்களும் பேச்சுக் கொடுக்காதீர்கள். பரிமாறுவது பிள்ளைகளின் வேலை. உதவுகிறேன் என்று கரண்டியை வாங்காதீர்கள். குழம்பைச் சரிசமமாகப் பங்கிடுவதையும் அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கடைசி நாலு கிண்ணத்துக்கு அடிமண்டிதான் மிஞ்சியது என்றால் நிறைய விழுந்த கிண்ணங்களிலிருந்து ஒவ்வொரு கரண்டி திரும்ப எடுப்பதும் அவர்கள்தான். உங்கள் தட்டையும் ஒரு பிள்ளை கொண்டுவந்து வைக்கும். இரண்டு கையாலும் வாங்கி 'அரிகாதோ' சொன்னால் போதும்.

எல்லாருக்கும் தட்டு வந்த பிறகு, முறைக்காரப் பிள்ளை முன்னால் நின்று சொல்ல, எல்லாரும் கைகூப்பி 'இததாகிமாஸ்' என்பார்கள். அதுவரை பால் டப்பாவில் ஸ்ட்ராவைக்கூடக் குத்தக் கூடாது. அதற்குப் பிறகு சாப்பிடக் கிடைப்பது சுமார் 20 நிமிடம், நடுநிலைப்பள்ளியில் சில இடங்களில் 15 நிமிடம்தான். மெல்ல ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் மூன்றாம் நாளே திணறிப்போவார்கள்.

அளவு குறைக்க வேண்டுமானால் வாய் வைப்பதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பரிமாறும்போதே 'சுகுனமே தே ஒனெகாய்ஷிமாஸ்', அதாவது கொஞ்சமாகப் போடுங்கள், என்று சொல்லலாம். தட்டு வந்துவிட்டால் தொடாத சாப்பாட்டை எடுத்துப்போய்ப் பெரிய பாத்திரத்தில் திரும்பப் போடலாம். இததாகிமாஸ் சொன்னதும் பிள்ளைகளும் அப்படித்தான் வரிசையில் நிற்பார்கள். அந்தப் பங்கு இன்னொரு பிள்ளைக்கு இரண்டாம் பரிமாறலாகப் போகும். அதற்கு 'ஓகவாரி' என்று பெயர். ஒரே ஒரு ஜெல்லி மிஞ்சி எட்டுப் பேர் கேட்டால் கல்–காகிதம்–கத்தரி விளையாட்டில் முடிவாகும். கடித்துவிட்டு மிச்சம் வைத்தால் அது குப்பைக்குத்தான். ஆசிரியரே மிச்சம் வைத்தால், கீரையை ஒதுக்கும் பிள்ளையிடம் வகுப்பாசிரியர் வாய் திறக்க முடியாது.

தட்டில் சோற்றுக் கிண்ணம் இடப்பக்கம், சூப் வலப்பக்கம், மீனோ இறைச்சியோ பின்வரிசையில். கூடவே 200 மில்லி பால். சோறும் மிசோ சூப்பும் உள்ள அன்றும் பால் உண்டு. வியந்து முகம் சுளிக்காதீர்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாலை மட்டும் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு பல ஊர்களில் இருக்கிறது. குடிதண்ணீர் வராது, பாட்டில் கொண்டுபோங்கள்.

இப்போது நமக்கே உரிய சிக்கல்கள். இடதுகை சாப்பாட்டுப் பக்கம் வரக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே இடதுகையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிட்டால் நாய் சாப்பிடுவது மாதிரி என்பார்கள். சோற்றுக் கிண்ணத்தையும் சூப் கிண்ணத்தையும் கையில் தூக்கித்தான் சாப்பிட வேண்டும். முதலில் இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்குங்கள். இடது உள்ளங்கைக்கு மாற்றுங்கள். கட்டைவிரல் விளிம்பின்மேல் லேசாக, மற்ற நாலு விரலும் சேர்ந்து அடிவளையத்தின்கீழ். விரல் கிண்ணத்துக்குள் போகக் கூடாது. அதன் பிறகே வலதுகையால் சாப்பிடும் குச்சியை எடுப்பது. சோறு நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடுவதால் குனியவே வேண்டியிருக்காது.

அடுத்தது பிசைவது. சூப்பைச் சோற்றில் ஊற்றிக் கலந்தால் அதற்கு 'நேகோ மம்மா', பூனைச் சோறு, என்று பெயர். ரசம் ஊற்றும் பழக்கத்தில் கை தானாகப் போகும், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாய் சோறு, ஒரு வாய் சூப், ஒரு வாய் காய் என்று சுற்றிச் சுற்றிச் சாப்பிடுவதைத்தான் பல பள்ளிகள் சொல்லிக்கொடுக்கின்றன. கறி ரைஸ் அன்று ஸ்பூன் வரும். அன்றும் மொத்தத்தையும் குழைக்காமல், சோறும் குழம்பும் சேரும் ஓரத்திலிருந்து அள்ளிக்கொண்டே வருவார்கள். ரொட்டி அன்று கையால் பிய்த்துச் சாப்பிடலாம், அன்று நம் பாடு சுகம்.

குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். உங்கள் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்புகளை எடுக்கும் முறையில் அது வருகிறது. இரண்டையும் முதல் வகுப்புப் பிள்ளையே கண்டு அதிர்ந்துவிடும். குச்சி பழகும்வரை ஸ்பூன் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

சைவர்கள் இதை ஊன்றிப் படியுங்கள். 'பெஜிதாரியன்' என்று சொன்னால் காய்கறி பிடித்தவர் என்ற அளவில்தான் பலருக்குப் புரியும். 'நிகு' சாப்பிடமாட்டேன் என்றால் மீன் வரும், ஏனென்றால் அந்தச் சொல்லில் மீன் சேராது. மீனும் வேண்டாம் என்றால் மிசோ சூப் வரும். அதன் அடிநீரான 'தாஷி' பெரும்பாலும் சூரை மீனைப் புகையிட்டுக் காயவைத்துச் சீவியதிலிருந்தோ நெத்திலிக் கருவாட்டிலிருந்தோ எடுப்பது. நம் மாசிக் கருவாட்டுக்கு அண்ணன் தம்பி. காய்கறிக் கூட்டிலும் கலவைச் சோற்றிலும்கூட அது இருக்கும். கறி ரைஸ் குழம்பில் கரைக்கும் மசாலாக் கட்டியில் விலங்குக் கொழுப்பு இருக்கலாம், ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கலாம். சுத்த சைவருக்கு அந்தத் தட்டில் உறுதியாக மிஞ்சுவது வெறும் சோறு, பால், பழம். ஆகவே சொல்ல வேண்டியது இது: 'நிகு மோ, சகானா மோ, தாஷி மோ தபெராரெமாசென்'. இறைச்சியும் மீனும் தாஷியும் என்னால் சாப்பிட இயலாது என்று பொருள். 'கிராய்', பிடிக்காது, என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிடிக்காததைப் பழகிக்கொள்ள வைப்பதே அந்தச் சாப்பாட்டின் நோக்கங்களில் ஒன்று. மத காரணம் என்றால் புரிந்துகொள்வார்கள். ஒவ்வாமை என்று பொய் சொல்லவே கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் படிவம், மருத்துவர் சான்று, தனிக் கண்காணிப்பு என்று ஒரு பெரிய ஏற்பாடே ஓடத் தொடங்கும்.

முஸ்லிம் வாசகர்களுக்குப் பன்றி மட்டும் பிரச்சினை இல்லை. மிரின், சமையல் சாகே என்ற இரண்டும் மது சேர்ந்தவை, பல குழம்புகளில் விழுபவை. மாதத்துக்கு ஒருமுறை வரும் உணவுப் பட்டியலில் பொருள்கள் மூன்று நிறப் பிரிவில் அச்சாகியிருக்கும்: உடலை வளர்ப்பவை சிவப்பு, சக்தி தருபவை மஞ்சள், உடலைச் சீராக வைப்பவை பச்சை. 'புதா' பன்றி, 'க்யூ' மாடு, 'தோரி' கோழி. சிவப்புப் பகுதியைப் படிக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. மசாலாப் பொருள் முழுதும் அதில் வராது. விரிவான பட்டியலை ஊட்டச்சத்து ஆசிரியரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ரமலான் மாதத்துக்கு முன்பே சொல்லிச் சாப்பாட்டை நிறுத்திவிடலாம்.

அன்று காலையில் போய் வேண்டாம் என்றால் காசு திரும்பாது. சாமான்களுக்கு முன்கூட்டியே ஆர்டர் போய்விடும், நிறுத்த சில நாளோ ஒரு வாரமோ முன்னதாகப் படிவம் தர வேண்டும். நீங்கள் கட்டுவது சாமான் செலவு மட்டும், ஒரு வேளைக்கு ஏறக்குறைய 250 முதல் 350 யென். சமையல் ஆள், சமையற்கூடச் செலவு நகராட்சியுடையது. பிள்ளைகளுக்கு இலவசமான ஊரிலும் ஆசிரியர்கள் பொதுவாகக் காசு கட்டுகிறார்கள்.

வீட்டிலிருந்து கொண்டுபோகிறவர்கள் அதை வகுப்பில் வைத்துச் சாப்பிடலாமா என்று வகுப்பாசிரியரிடம் முதலில் கேளுங்கள். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் ஸ்பூனால் சாப்பிட வசதி. வேர்க்கடலை, முந்திரி போடாமல் தாளியுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். பிள்ளைகள் 'ஒரு வாய்' என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பங்கிட்டுச் சாப்பிட்டே வளர்ந்த நமக்கு இது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் 2012 டிசம்பரில், தோக்கியோவின் சோஃபு நகரத்துப் பள்ளியில், பால் ஒவ்வாமை உள்ள ஐந்தாம் வகுப்புச் சிறுமி இரண்டாம் பரிமாறலில் பாலாடைக்கட்டி கலந்த அடையைச் சாப்பிட்டு இறந்துபோனாள். அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டால் மறுப்பது கஷ்டமாக இருக்காது. உங்கள் தட்டிலிருந்து அவர்களுக்கும், அவர்கள் தட்டிலிருந்து உங்களுக்கும் எதுவும் போகக் கூடாது.

மிஞ்சிய ரொட்டியைப் பையில் போட்டுக்கொள்வதையும் பெரும்பாலான பள்ளிகள் இப்போது அனுமதிப்பதில்லை. 1996 கோடையில் ஒசாகா மாகாணத்துச் சகாய் நகரில் பள்ளிச் சாப்பாட்டால் ஓ–157 கிருமி பரவி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நோயுற்றார்கள். அதன் பிறகு நெறிமுறை மிகவும் இறுகியது. தலைமையாசிரியர் பிள்ளைகளுக்கு அரைமணி முன்பே சாப்பிட்டுப் பார்க்கிறார். ஒவ்வொரு பொருளிலும் உணவிலும் 50 கிராம் எடுத்து மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் பாதுகாக்கிறார்கள். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். வீட்டுக்குப் போகும் ரொட்டி இந்தக் கணக்குக்குள் அடங்காது.

சாப்பிட்டு முடித்து, எல்லாரும் 'கோச்சிசோசாமா தேஷ்தா' சொன்னதும் கிண்ணங்களை வகைவகையாக அடுக்குவார்கள். பால் டப்பாவை என்ன செய்வது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். சில இடத்தில் நான்கு காதையும் பிரித்துத் தட்டையாக மடிப்பார்கள், சில இடத்தில் வெட்டி விரித்துக் கழுவிக் காயவைப்பார்கள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்யுங்கள், கேட்டால் ஆசையாகச் சொல்லிக்கொடுக்கும்.

ஆசிரியர் அறையில் நினைவில் வைக்க வேண்டியது ஊர் இனிப்பு. வெளியூர் போய்வந்தால் தனித்தனியாக உறையிட்ட பண்டம் வாங்கிவந்து ஒவ்வொரு மேசையிலும் வைப்பார்கள். அலுவலக ஊழியர், பள்ளிச் செவிலியர், பராமரிப்பாளர் எல்லாரையும் எண்ணி வாங்குங்கள். ஊரிலிருந்து மைசூர்பாகு கொண்டுபோனால் ஒவ்வொன்றாகச் சுற்றியது தேவை, திறந்த டப்பாவைச் சுற்றுக்கு விட்டால் கை நீட்டத் தயங்குவார்கள். தேநீருக்கு மாதாமாதம் சிறு தொகை வசூலாகும். பிள்ளைகள் கண்முன் தின்பண்டம் தின்னாதீர்கள்.

மாலை விருந்துகள் டிசம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் வரும். ஒருவருக்கு 4,000 முதல் 6,000 யென் ஆகலாம். கடைசி நேரத்தில் வரவில்லை என்றாலும் பணம் கட்ட வேண்டிவரும். கதவுக்குத் தூரமான இருக்கை பெரியவர்களுக்கு, எங்கே என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். எல்லாரும் கோப்பையைத் தூக்கிக் 'கம்பாய்' சொல்லும்வரை குடிக்காதீர்கள். குடிக்காதவர்கள் ஊலாங் தேநீர் கேட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்தவர் கோப்பையை நீங்கள் இரண்டு கையால் நிரப்புங்கள், உங்களுடையதை அவர் நிரப்புவார். மறுநாள் காலை ஏற்பாடு செய்தவரிடம் போய் நன்றி சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் சாப்பாடு பெரும்பாலும் வராது. விடுமுறையை ஒட்டிய நாள்களிலும், பள்ளி விழா நாள்களிலும் அப்படித்தான். பட்டியலில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். ஊர்ப்புறப் பள்ளிகளுக்குப் பக்கத்தில் கடை இருக்காது, அன்றைக்கு டப்பா கட்டிக்கொண்டு போங்கள்.