செயின் இல்லாத டோசர்

ஒக்டோபர் 2, திங்கள்

பரந்தனில் பழைய இரும்பு எடுக்கிறவரிடம் ஒரு மாதத்துக்குப் பிறகு போனேன். அலுமினியக் குவியலில், நசுங்கிய சட்டிகளுக்கு அடியில், மஞ்சளாய் ஒரு மூலை. இழுத்தால் விளையாட்டுப் புல்டோசர், பாதி உள்ளங்கை அளவு. காந்தம் ஒட்டாததால் அலுமினியம் என்று எறிந்திருக்கிறார். அது நாகக் கலவை, கையில் வைத்தாலே கனம் சொல்லிவிடும். டொங்கா விளையாட்டு லொறி என்றால் இரும்புத் தகடு, காந்தம் பாய்ந்து ஒட்டும். அதை இந்தப் பக்கம் நான் இன்னும் கண்டதில்லை.

கவிழ்த்து எச்சில் தொட்டுத் தேய்த்தேன். லெஸ்னி. மேட் இன் இங்கிலாந்து. மட்ச்பொக்ஸ் குட்டி வண்டிகள் செய்த கொம்பனி. தராசு முள் அசையவில்லை. "சும்மா கொண்டு போங்கோ தம்பி" என்றார். நூறு ரூபாயை வைத்துவிட்டு வந்தேன். சில்லுகளைச் சுற்றி ஓடும் செயின் இரண்டும் இல்லை.

ஒக்டோபர் 3, செவ்வாய்

வவுனியா. அப்பாவுக்கு இரத்தச் சுத்திகரிப்பு. வீடு வர இரவு எட்டரை.

ஒக்டோபர் 5, வியாழன்

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டு, வெளிச்சத்தில் பிடித்து, "டீ எயிற்" என்றார். கற்றர்பில்லர் டோசரின் மொடல். அடியில் இருந்த எழுத்தை அவர் பார்க்கவே இல்லை.

"பிளேட் இவ்வளவு பதிஞ்சு இருந்தா மண் குத்தும். லெவல் வராது." பிறகு, "ஒரு சின்ன டின் மஞ்சள் வாங்கி அடியன்."

அடிக்கக்கூடாது என்றேன். உரிந்திருந்தாலும் அது தொழிற்சாலையில் அடித்த வர்ணம். மேலே தீந்தை பூசினால் பழைய விளையாட்டு வண்டி சேர்க்கிறவன் ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான்.

"கறள் பிடிச்ச மெசினோட ஆரடா வேலைக்குப் போவான்?"

நாகம் கறள் பிடிக்காது அப்பா.

"அப்ப பெயின்ற் நல்லா நிக்கும்."

இரண்டு பேரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பேசவில்லை.

ஒக்டோபர் 6, வெள்ளி

முறிகண்டியில் பஸ் நின்றது. நான் கற்பூரம் கொளுத்திவிட்டு வருவதற்குள் அப்பா, அவருக்குக் கூடாத கச்சானை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். வவுனியாவில் நர்ஸ் பிள்ளைதான் கண்டுபிடித்தது. ஏச்சு எனக்கு.

ஒக்டோபர் 8, ஞாயிறு

செயின்தான் மண்டைக்குள் ஓடுகிறது. இது மட்ச்பொக்ஸ் வரிசையில் 18ஆம் இலக்கம். இதற்குப் பச்சை ரப்பர் செயின். மஞ்சள் வண்டிக்குப் பச்சை ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ரப்பர் காய்ந்து வெடித்துவிடும், அதனால் இந்த டோசர்கள் பெரும்பாலும் வெறுஞ்சில்லோடுதான் கிடைக்கும். புதிதாக வார்த்த செயின் விற்கிறார்கள். கனடாவில் இருந்து அண்ணா அனுப்பியாயிற்றாம். எப்போது என்று கேட்டால், "வரும்" என்கிறான். அப்பாவைப் பற்றி நான் சொல்வதற்கும் அதே பதில்தான்.

1953இல் லெஸ்னி தொடங்கிய அந்த மட்ச்பொக்ஸ் வரிசையில் முதல் மூன்றுமே வேலை வண்டிகள்: ரோலர், டம்பர், சீமெந்துக் கலவை. அதற்கு முன்பே லெஸ்னியின் பங்காளி ஜாக் ஓடல் தன் மகள் பள்ளிக்குக் கொண்டுபோக நெருப்புப்பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு பித்தளை ரோலர் செய்து கொடுத்தாராம். அப்பாவுக்குச் சொன்னேன். "ரோலர்காரன் எப்பவும் தான்தான் முதல் எண்டு சொல்லுவான்" என்றார்.

ஒக்டோபர் 9, திங்கள்

காலையும் மாலையும் அவருடைய இடது கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சுத்திகரிப்புக்காக இரத்தக் குழாய்களை இணைத்துத் தையல் போட்ட இடத்தில் விரல் வைத்தால் உள்ளே அதிரும். "ஐடிலில நிக்குது" என்பார். முப்பது வருடம் டோசர் சீற்றில் இருந்தவர், அவருக்குத் தெரியும்.

ஒக்டோபர் 13, வெள்ளி

அப்பாவின் நிறை இரண்டு கிலோ கூட. தண்ணீர் குடித்தீர்களா என்றால் இல்லை என்கிறார். ஒரு நாளைக்கு அரை லீற்றர், அளந்த போத்தல். ஆனால் கிணற்றடி வாளி ஈரம்.

ஒக்டோபர் 15, ஞாயிறு

மழை. பார்சல் இல்லை. பழைய சைக்கிள் டியூப்பை எடுத்துக்கொண்டு அப்பாவே திண்ணையில் உட்கார்ந்தார். சவர பிளேட்டால் இரண்டு நாடா வெட்டினார். கை நடுங்கியும் விளிம்பு நேராக வந்தது. சில்லில் மாட்டப் போனால் நாடா நழுவியது. சுருக்கி ஒட்டி மறுபடி மாட்டினார். மேசையில் தள்ளினேன், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"லெப்ட் செயின் லூஸ்" என்றார். மூன்று தரம் கழற்றிப் பூட்டினார். கறுப்புச் செயின் பொருந்தாது, பச்சை வரும் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை.

தீந்தைப் பேச்சு மறுபடி வந்தது.

ஒக்டோபர் 17, செவ்வாய்

வவுனியா. பக்கத்துக் கட்டில்காரர் வரவில்லை. அப்பா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 18, புதன்

பார்சல் வந்தது. பச்சை. அளவு சரி. மாட்டவில்லை, அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 19, வியாழன்

இரவு பதினொன்று. கையைத் தொட்டேன். விரலை மாற்றி மாற்றி வைத்தேன். காதை வைத்தும் பார்த்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நிண்டிட்டுதோ?" என்றார்.

வான்காரருக்கு எடுத்திருக்கிறேன். அரை மணித்தியாலம் என்றார்.