சம்மட்டி புடிச்ச கை

இங்க சிங்கப்பூர்ல நம்ம பழைய மாணவர் சங்கத்து மலர்க் குழுவுல இருந்து இந்த வருஷமும் போன் வந்துச்சு, ஸ்கூல் நினைவு ஏதாச்சும் எழுதிக் குடுங்கன்னு. வாத்தியார்களைப் பத்தி, ஆண்டு விழா நாடகத்தைப் பத்தியெல்லாம் நம்ம ஆளுக நெறைய எழுதியாச்சு, நல்லாவும் எழுதிட்டாங்க. எனக்கு எழுதணும்னு இருக்கறது நம்ம ஸ்கூல் பின்கேட்டுக்கு எதிர்த்தாப்புல புளியமரத்தடியில இருந்த கொல்லம்பட்டறையைப் பத்தி. அதை இப்ப ஞாபகப்படுத்துனது நம்ம சங்கத்துப் பிள்ளைக விளையாடுற ஒரு கேம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு பேரு. 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் கொண்டாந்தது. தாயம் மாதிரி கட்டம் வேணும்னு இல்ல, ஒருத்தர் கதையை நடத்திக்கிட்டே போவாரு, மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டரா இருந்து இப்ப நான் இதைச் செய்யிறேன்னு வாயால சொல்லணும், செஞ்சது பலிச்சுச்சா இல்லையான்னு 20 முகம் இருக்க டைஸை உருட்டிப் பாக்கறது. பொங்கல் ஒன்றுகூடல் அன்னைக்கு பெரியவங்கள்லாம் அடுப்படியிலயும் வாசல்லயும் நின்னு பேசிக்கிட்டு இருக்க, ரூம்ல பிள்ளைகளுக்கு ஒரு ஆள் கொறையுதுன்னு அத்தை நீங்க வாங்கன்னு என்னைக் கூப்டு உக்கார வச்சுட்டாங்க. குடுத்த கேரக்டர் ஒரு ஃபைட்டர், காட்டோரத்துல நாடு முடியிற எடத்துல ஒரு சின்ன காவல் ஊரு, அங்க இரும்பு வேலை பாத்த ஆளு, அப்புறம் ஊரைவிட்டுக் கெளம்பி சாகசம் பண்றவ. பேக்ரவுண்டுனு ஒரு பகுதி இருக்கு, கெளம்புறதுக்கு முன்னாடி இவ யாரு, என்ன பண்ணிட்டு இருந்தான்னு அதுல எழுதணும்.

பிள்ளைகளே ஒண்ணு எழுதி வச்சிருந்தாங்க. பெரிய தாடி, தனி ஆளு, ராத்திரி முழுக்க ஒத்தையில நின்னு ஒரு மாயவாளை அடிச்சு முடிச்சாருன்னு. எனக்கு அதை ஏத்துக்க முடியல, இரும்பு வேலை ஒத்தை ஆளு வேலையே இல்ல, அதை நம்ம புளியமரத்தடியில நம்ம கண்ணாலயே பாத்திருக்கோம்.

பின்கேட்டு வழியா சைக்கிள் உருட்டிட்டு வந்தவங்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும். சின்னதா ஒரு டிங், ஒடனே பெருசா ஒரு டம், டிங், டம். அந்த டிங்கு ஆசாரியோட கைச்சுத்தி, டம்மு ஆசாரியம்மாவோட சம்மட்டி. அவரு எடது கையில கொறடு, கொறட்டுல பழுத்த இரும்பு, வலது கையில சின்னச் சுத்தி. அந்தச் சுத்தியால எந்த எடத்துல தொட்டுக் காட்றாரோ அதே எடத்துல அந்தம்மா தலைக்கு மேல தூக்கி சம்மட்டியை எறக்கும், ஒரு நூல் அங்கிட்டு இங்கிட்டு போகாது. பேச்சே கிடையாது. லேசாத் தட்டுனா லேசா அடிக்கணும், ஓங்கித் தட்டுனா ஓங்கி அடிக்கணும், சுத்தியைப் பட்டடைக் கல்லு மேல வெறுமனே தட்டுனார்னா அதோட நிப்பாட்டணும். சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, மேல ஆம்பளைச் சட்டை ஒண்ணைப் போட்டுக்கிட்டு, மதிய வெயில்ல உலைக்கு முன்னாடி நிக்கும் அந்தம்மா. நம்ம சிவகங்கைச் சீமையில எத்தனையோ பட்டறையில இப்படி வீட்டுப் பொம்பளைகதான் சம்மட்டி அடிச்சாங்க, ஆனா ஆளுக்கு அருவா வேணும்னா "ஆசாரிகிட்ட அடிச்சது"ன்னுதான் சொல்லுவோம், யாரு அடிச்சான்னு யாரும் நெனைச்சதில்ல.

மதியம் மணியடிச்சதும் நாங்க சில பிள்ளைக தூக்குவாளியைத் தொறந்து வேகமா சாப்ட்டுட்டு அங்க போய் நிப்போம். உலைக்குக் காத்து ஊத கையால சுத்துற ப்ளோயர் இருந்துச்சு, தோல் துருத்தி அதுக்கு முன்னாடியே போயிருச்சு. அந்தம்மா எங்கள்ல யாரையாவது கூப்டு சுத்தச் சொல்லும். "ஏத்தா, மெதுவாச் சுத்து, வேகமாச் சுத்துனா கரிதான் எரியும், இரும்பு காயாது, தள்ளி நில்லுத்தா பொறி தெறிக்கும்"னு சொல்லும். கரி எல்லாம் சீமைக் கருவேலங்கரி, நம்ம பக்கத்துல மூட்டம் போட்டு எடுக்கறதுதான். இரும்பும் புதுசு கிடையாது, லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித்தான் அருவா. இதை எதுக்குச் சொல்றேன்னா, நாடு முடியிற எடத்துல இருக்க ஊருக்கு இரும்பு எங்க இருந்து வரும்னு அந்தப் பிள்ளைக யோசிக்கவே இல்ல. சுரங்கம் பக்கத்துல இருந்தா சரி, இல்லேன்னா ஒடஞ்ச வண்டி அச்சு, தேஞ்ச கொழுமுனை, போன சண்டையில கிடந்த ஈட்டி முனை, இதுதான் சரக்கு. அந்தப் பட்டறைக்கு எல்லாமே ஒடஞ்சுதான் வந்து சேரும், வாள் அடிச்சுக் குடுன்னு கேக்கறவன் வருஷத்துக்கு ஒருத்தன் வந்தா பெருசு. கதவுக் கீல், ஆணி, கெணத்து உருளை, மம்பட்டி, குதிரை லாடம், கடப்பாரைக்கு முனை, அதான் தினசரி வேலை.

அருவாளுக்குக் கடைசில தண்ணி காட்டுறதைப் பாத்தவங்க மறக்க மாட்டாங்க. வாய்ப்பக்கத்தை மட்டும் தொட்டித் தண்ணியில முக்கி எடுப்பாரு, சொர்ருனு ஆவி கெளம்பும், ஒடனே ஒரு கல்லால அந்த வாயைத் தேச்சு வெள்ளையா மின்ன வச்சுட்டு சும்மா பாத்துக்கிட்டே இருப்பாரு. முதுகுல மிச்சமிருக்க சூடு மெதுவா வாய்க்கு எறங்க எறங்க நெறம் ஓடி வரும், மொதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, கடைசில நீலம். அவருக்கு வேண்டிய நெறம் வந்த நிமிஷம் திரும்பவும் தண்ணியில போட்டுருவாரு. ஒரு நிமிஷம் முந்துனா வாய் சில்லு சில்லாப் பேந்துரும், பிந்துனா மழுங்கிரும். மஞ்சளுக்கு 230 டிகிரி பக்கம், நீலத்துக்கு 300 பக்கம்னு நான் பின்னாடி காலேஜ்ல உலோகவியல் படிக்கும்போது அட்டவணையில பாத்தேன். பாத்ததும் எனக்கு ஆசாரி மொகந்தான் வந்துச்சு, அவருகிட்ட தெர்மாமீட்டர் கிடையாது, புளியமர நெழல் மட்டும் உண்டு. அந்த நெழலுக்காகத்தான் அங்க பட்டறை போட்டதே, வெயில்ல நெறம் தெரியாது.

பிசிக்ஸ் சார் ஒருநாள் மொத்த கிளாஸையும் அங்க கூட்டிட்டுப் போனது ஞாபகம் இருக்கா? கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்ட அன்னைக்கு. பட்டாவைச் சக்கரத்தைவிட கொஞ்சம் சின்னதாத்தான் செய்வாங்க, அதைத் தரையில படுக்க வச்சு சுத்தி வரட்டியடுக்கி தீ வச்சு, செவந்ததும் நாலு பேரு கொறட்டால தூக்கி ஓடியாந்து மரச் சக்கரத்து மேல எறக்கி, மரம் பத்திக்கிறதுக்குள்ள கொடம் கொடமாத் தண்ணி. சுருங்கும்போது ஆரக்கால் எல்லாம் கிறீச்சுனு கத்திக்கிட்டே சக்கரத்து நடுக் குடத்துக்குள்ள எறங்கி இறுகும் பாருங்க, அதுக்கப்புறம் ஆணியே தேவையில்ல. திரும்பி வந்து சார் போர்டுல கணக்குப் போடச் சொன்னாரு. 5 அடி விட்டத்துச் சக்கரம், 600 டிகிரி சூடேத்துனா சுத்தளவு எவ்வளவு பெருகும்னு, ஏறக்குறைய 1.3 இஞ்ச் வந்துச்சு. வெப்ப விரிவு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு, அதுவரைக்கும் மனப்பாடம்.

சரி கேமுக்கு வர்றேன். அதோட 2014 ரூல் புக்ல கைத்தொழில் சங்கத்து ஆளுன்னு ஒரு பேக்ரவுண்டு இருக்கு. அதுல கெடைக்கிற ரெண்டு தெறமை, ஆளை எடை போடுறது, பேசிச் சம்மதிக்க வைக்கிறது. பிள்ளைக கேட்டாங்க, அத்தை, இரும்படிக்கிறவளுக்கு எதுக்கு ஆளை எடை போடுற தெறமைன்னு. இதைவிடப் பொருத்தமா ஒண்ணு குடுக்க முடியாதுன்னு நான் சொன்னேன். ஆசாரியம்மா ஒரு மம்பட்டியைக் கையில வாங்குனதும் திருப்பிப் பாக்கும். ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா இவன் இடது கைக்காரன்னு சொல்லும், பிடி கழண்டு ஆப்புக்குப் பதிலா துணி சுத்தியிருந்தா இந்த வீட்டுல காசு இல்லன்னு புரிஞ்சுக்கிட்டு கூலியைக் கொறைச்சுச் சொல்லும், அருவா வாயில கல்லுபட்ட காயம் இருந்தா வரப்புத் தகராறான்னு கேக்கும். ஊருல யாரு வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒடஞ்ச சாமானை வச்சே அந்தம்மாவுக்குத் தெரியும். காவல் ஊருல ஒரு துப்பு வேணும்னா சத்திரத்துக்காரனைக் கேக்காதீங்க, பட்டறையைக் கேளுங்கன்னு கதை நடத்துற பையனுக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

ஊரை எங்க வைக்கிறதுன்னும் நான்தான் முடிவு பண்ணேன். மலையடிவாரம் வேண்டாம், உப்பளத்தோரம் வைப்போம்னேன். நான் இங்க ஷிப்யார்டுல பாக்கற வேலையே துருவோட மல்லுக்கட்டறதுதான், அந்த ஆசை வந்ததும் காரைக்குடியிலதான். நம்ம சிக்ரி இருக்கே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948 ஜூலை 25ல நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14ல ராதாகிருஷ்ணன் தொறந்து வச்ச எலக்ட்ரோகெமிக்கல் ஆராய்ச்சி நிலையம், அங்க ஓப்பன் டேக்கு ஸ்கூல்ல கூட்டிட்டுப் போவாங்க. நல்ல தண்ணியில கெடந்த ஆணியையும் உப்புத் தண்ணியில கெடந்த ஆணியையும் பக்கத்துப் பக்கத்துல நான் பாத்தது அங்கதான். உப்பு கரைஞ்ச தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும், அதனால இரும்பு அரிக்கறதும் வேகமாகும். மண்டபத்துல அவங்களுக்குக் கடலோரத் துருவை ஆராயுறதுக்குன்னே ஒரு யூனிட் இருக்கு. அதனால என் காவல் ஊருல எதிரி மொதல்ல காத்துலதான் வர்றான், கீல் இத்துப்போயி கோட்டைக் கதவு விழுந்தா அப்புறம் அரக்கன் எதுக்கு?

என் கேரக்டரோட பாட்டன் பூட்டன் வேல், வீசியெறியிற வளரி எல்லாம் அடிச்சவங்கன்னு எழுதினேன். இது நம்ம மண்ணுல நடந்தது. 1801 அக்டோபர் 24ல திருப்பத்தூர்ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டதுக்கு அப்புறம் கம்பெனிக்காரங்க சனங்க ஆயுதம் வச்சிருக்கறதுக்குத் தடை போட்டாங்க. ஆயுதம் அடிச்ச உலையில அதுக்கப்புறம் கொழுவும் மம்பட்டியுந்தான் காஞ்சிருக்கும். அவ ஊருலயும் அப்படி ஒரு தடை, அவ அம்மா காலத்துல இருந்து வாள் அடிக்கிற பக்குவம் பேச்சுல மட்டும் இருக்கு. அந்த ஊருக்கு வர்ற வியாபாரிகளுக்கு மூணு வருஷக் கணக்கு, முடிஞ்சதும் பெட்டியைக் கட்டிட்டுப் போயிருவாங்க, அடுத்த ஆளு வருவாரு. பர்மா, மலேயா, சைகோன்னு கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ணப் போன நம்ம ஊர்க்காரங்க கதை தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்ல, இங்க மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியார்களுக்குக் கடையும் தங்குற எடமுமா இருந்த கிட்டங்கியில ஒரு பாய், ஒரு பெட்டின்னு இருந்தவங்க பேரப்பிள்ளைக நம்ம சங்கத்துலயே இருக்காங்க. வியாபாரி மாறுவான், காவல்காரன் மாறுவான், பட்டறை மட்டும் மாறாது.

அப்படின்னா அவ ஏன் கெளம்புனா? இங்கதான் நான் ரொம்ப நாள் நின்னுட்டேன். பழிவாங்க, பொதையல் தேடன்னு ஆயிரம் காரணம் பிள்ளைக சொன்னாங்க. நான் எழுதினது, அவ சம்மட்டிக்காரி, சுத்தி புடிச்சு எடம் காட்டுனது அவ அண்ணன், ஒருநாள் உப்பளத்துக்கு அங்கிட்டு இரும்பு வாங்கப் போன அண்ணன் திரும்பல. அவளுக்குப் பலம் இருக்கு, அடிக்கத் தெரியும், எங்க அடிக்கணும்னு காட்ட ஆள் இல்ல. ஒத்தையில ரெண்டு கதவுக் கீல் அடிச்சுப் பாத்தா, ரெண்டும் கோணலா வந்துச்சு. உலையை அணைச்சுட்டு அண்ணனைத் தேடிக் கெளம்பிட்டா, ஊரு பட்டறை இல்லாம நிக்குது, அது அவளுக்கு ஒவ்வொரு நாளும் உறுத்துது. திரும்பிப் போக ஒரு காரணம் இருக்கறவதான் நல்லா சண்டை போடுவான்னு நான் நெனைக்கிறேன்.

அந்தக் கேம்ல ஹெல்ப்னு ஒரு செயல் இருக்கு. பக்கத்துல நிக்கிற கூட்டாளி எதிரியைக் கொஞ்சம் தடுமாற வச்சா, அடுத்து அடிக்கிறவரு டைஸை ரெண்டு தடவை உருட்டி பெரிய நம்பரை எடுத்துக்கலாம். பிள்ளைகள்ல ஒருத்தி திருடி கேரக்டர், ஒல்லியா, சின்னக் கத்தியோட. அவகிட்ட சொன்னேன், நீ கத்தியால எதிரி கவசத்துல ஒரு எடத்தைத் தட்டு, நான் அங்க அடிக்கிறேன்னு. அதுல இருந்து ஒவ்வொரு சண்டையிலயும் அவ டிங்குங்கறா, நான் டம்முங்கறேன், மத்தவங்க மேசையைத் தட்டுறாங்க. முந்தின அமர்வுல ஒரு கல் பூதத்தை அப்படித்தான் சாய்ச்சோம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய பூட்டு, கீல், கதவுக் கொண்டி எல்லாம் கடை வாசல்ல குமிச்சு வச்சு விக்கிறாங்க, போன தடவை ஊருக்குப் போனப்ப ஒவ்வொண்ணா எடுத்துத் தடவிப் பாத்தேன். பர்மா தேக்குக்கு, இத்தாலி மார்பிளுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு வீட்டுக்கு வீடு கதை சொல்றோம், அந்தக் கொண்டியை அடிச்ச கைக்கு ஒரு வரி கூட இல்ல, அது எனக்குப் பெரிய வருத்தம். நம்ம பட்டறை இப்ப இல்ல, அந்த எடத்துல செல்போன் கடை இருக்கு. ஆசாரியையும் அம்மாவையும் யாராவது போட்டோ எடுத்திருந்தா, வண்டிப் பட்டா அன்னைக்குன்னாலும் சரி, ஸ்கூல் குரூப் போட்டோவுல ஓரத்துல விழுந்திருந்தாலும் சரி, மலர்க் குழுவுக்கு அனுப்பி வைங்க.

அடுத்த அமர்வுக்குப் பிள்ளைக ஒரு கேள்வி குடுத்திருக்காங்க. ஒடஞ்ச கோட்டைத் தூணு ஒண்ணுக்கு வண்டிப் பட்டா மாதிரியே இரும்பு வளையம் போட்டு இறுக்க முடியுமா அத்தைன்னு. முடியும், ஆனா வளையம் எத்தனை இஞ்ச் சின்னதா இருக்கணும், எத்தனை டிகிரி ஏத்தணும்னு கணக்குப் போட்டுக் கொண்டாந்தாத்தான் சம்மட்டியைத் தூக்குவேன்னு சொல்லிட்டேன், திருடிப் பொண்ணு இப்பவே தூணோட சுத்தளவு கேட்டு மெசேஜ் போட்டிருக்கா.