காலண்டரில் குறித்து வைத்த சென்னை

எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கும் காஸ் சிலிண்டர் வந்த தேதியும் இருப்பதோடு, ஓரங்களில் பென்சிலால் எழுதிய வேறு சில குறிப்புகளும் இருக்கும். "மியூசியம்: வெள்ளி விடுமுறை", "லைட் ஹவுஸ்: திங்கள் கிடையாது", "அறுபத்து மூவர்: மதியத்துக்குள் போய்விட வேண்டும்" என்று சில ஆண்டுகளாக ஒவ்வொரு புதுக் காலண்டருக்கும் இவற்றை நான் பெயர்த்து எழுதி வருகிறேன். பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கும் எங்கள் நான்கு பேர் குடும்பம், அதிகச் செலவில்லாமல் இந்த ஊரைச் சுற்றிப் பார்க்கக் கற்றுக்கொண்டது இந்தக் குறிப்புகளின் துணையால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு வணிக வளாகத்துக்குப் போயிருந்தோம். வண்டி நிறுத்தும் கட்டணம், நான்கு பேருக்குச் சாப்பாடு, அரை மணி நேர விளையாட்டுக்கு ஓர் அட்டை என்று மாலைக்குள் 3,200 ரூபாய் கரைந்திருந்தது. அந்த மாதம் பள்ளி வேன் கட்டணத்தைப் பத்து நாள் தள்ளித்தான் கட்ட முடிந்தது. அதைவிட, வீடு திரும்பிய பிறகு அங்கே பார்த்ததைப் பற்றிப் பேசிக்கொள்ள எங்களிடம் ஒன்றுமே இல்லாமல் போனது எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. சென்னை செலவு பிடிக்கும் ஊர் என்கிறார்கள். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் வைத்துப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் நடப்பதற்கும் இந்த ஊர் வாங்கும் விலை மிகவும் குறைவு. எந்த இடத்துக்கு எந்த நாளில், எந்த வேளையில் போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தால் போதும்.

போக்குவரத்திலேயே பாதிச் செலவு மிச்சமாகிவிடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பதால், முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய பேருந்து வந்தால் நானும் அத்தையும் மகளும் ஏறிக்கொள்கிறோம். கணவர் மட்டும் டிக்கெட் வாங்குகிறார். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் 29சி, புரசைவாக்கம், ஜெமினி மேம்பாலம், மயிலாப்பூர், அடையாறு என்று ஊரின் வடக்கையும் தெற்கையும் ஒரே கோட்டில் கோத்துக்கொண்டு போகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அந்தப் பயணமே எங்களுக்கு ஓர் உலாவாகிவிடுகிறது. கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலுக்கும் இதே பெருமை உண்டு. 1995-இல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய அந்த ரயில் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகிறது. கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஏறினால் மொட்டை மாடிகளில் துணி எடுப்பவர்களும் பட்டம் விடும் பிள்ளைகளும் நம் கண்மட்டத்தில் கடந்து போவார்கள். இருட்டிய பிறகு அந்த வழியில் சில நிலையங்களில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடுவதால், பிள்ளையோடு போகும் நாளில் ஏழு மணிக்குள் இறங்கிவிடுவது என் வழக்கம்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு நாங்கள் முதன்முறை போனது ஒரு வெள்ளிக்கிழமை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அன்றுதான் காலண்டரில் முதல் குறிப்பை எழுதினேன். அடுத்த முறை, கோடை விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் உள்ளே இருந்தோம். நால்வரின் நுழைவுக் கட்டணத்தையும் கூட்டினாலும் ஒரு சினிமா டிக்கெட் விலை ஆகவில்லை. 1851-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்தில் பெரும்பாலான குடும்பங்கள் திமிங்கில எலும்புக்கூட்டையும் பாடம் செய்த விலங்குகளையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்தில் அன்று எங்களையும் காவலரையும் தவிர வேறு யாரும் இல்லை.

அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். சோழர் காலத்து வார்ப்பு. வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் உமை என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் மகள் கைகளை எண்ணத் தொடங்கிவிட்டாள். "அம்மா, இந்தப் பக்கம் ரெண்டு கை இருக்கு, அந்தப் பக்கம் ஒண்ணுதான் இருக்கு" என்றாள். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. வலப்புறத்து முன்கை எதன்மீதோ சாய்ந்திருப்பது போல் வளைந்திருக்கிறது. அது சாய்ந்திருக்க வேண்டிய காளை இப்போது இல்லை. வலப்புற இடுப்பின் நேர்கோடும் இடப்புற இடுப்பின் வளைவும் சந்திக்கும் இடத்தில் ஓர் ஒட்டுகூடத் தெரியவில்லை. ஒரே உடல் என்றுதான் கண் ஏற்றுக்கொள்கிறது. அத்தை கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிட்டார். ஓர் அருங்காட்சியகத்தில் கும்பிடலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்தவர் எதிர்பார்த்தது இதைத்தானே என்று நானும் கைகூப்பினேன். சற்றுத் தள்ளித் திருவாலங்காட்டு நடராசர். பிரான்சின் சிற்பி ரோதேன் புகைப்படங்களில் மட்டுமே பார்த்து வியந்து எழுதிய அந்தத் திருமேனியை நாங்கள் கால்மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம்.

அமராவதிச் சிற்பங்களையும் விட்டுவிடக் கூடாது. அங்கே ஒரு வட்டப் பலகையில் மதம் பிடித்த நளகிரி யானை இரண்டு முறை வருகிறது: ஒரு பக்கம் தெருவில் ஆட்களை மிதித்துக்கொண்டு ஓடுகிறது, மறுபக்கம் புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. மேலே சாளரங்களிலிருந்து மக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரே படத்துக்குள் முன்னும் பின்னும் நடந்ததைச் சொல்லும் இந்த முறையைக் குழந்தைகள் உடனே புரிந்துகொள்கிறார்கள். படக்கதை வாசித்துப் பழகியவர்கள் அல்லவா?

அதே வளாகத்தை ஒட்டி 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. ஆயினும் மே மாத வெயிலுக்கு எங்கள் புகலிடம் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம்தான். 2010 செப்டம்பரில் திறந்த அந்தக் கட்டடத்தில் குளிர்சாதன வசதியும் குழந்தைகளுக்கென்று தனித்தளமும் உண்டு. நுழைவதற்குக் கட்டணம் கிடையாது. சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே வந்து இடம்பிடித்துவிடுவதால் அந்தப் பகுதிக்கு மட்டும் முன்கூட்டியே போக வேண்டும்.

மெரினாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலையில் போங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். ஆனால் மணலுக்குப் போகும் அவசரத்தில் நாம் கடந்து போகும் சிலைகளுக்கு ஒரு தனி நடை வேண்டும். நான்கு உழைப்பாளிகள் பாறையைப் புரட்டும் சிலை, தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணம். அங்கிருந்து தெற்கே நடந்தால் 1968-இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவிய ஔவையார், கம்பர், இளங்கோவடிகள், வீரமாமுனிவர், போப் போன்றோரின் சிலைகள் வரிசையாக வருகின்றன. மகள் ஒவ்வொரு பீடத்திலும் உள்ள எழுத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். கலங்கரை விளக்கத்தில் சிறு கட்டணம் வாங்குகிறார்கள். பாதுகாப்புக் காரணத்தால் பல ஆண்டுகள் மூடியிருந்து 2013-இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மேலே ஏற லிஃப்ட் இருப்பதால் முழங்கால் வலி உள்ள அத்தையும் வந்து, வடக்கே துறைமுகத்துப் பாரந்தூக்கிகளையும் தெற்கே சாந்தோம் தேவாலயத்துக் கோபுரத்தையும் பார்த்தார்.

மார்கழி வந்துவிட்டால் காலண்டரில் இடம் போதாது. சபாக்களில் மாலைக் கச்சேரிகளுக்குத்தான் டிக்கெட். பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை. வளரும் கலைஞர்களுக்கு ஒதுக்கிய அந்த வேளையில் அரங்கில் முப்பது நாற்பது பேர் இருந்தாலே அதிகம். அதனால் முன்வரிசையில் உட்கார்ந்து, மிருதங்கக்காரரின் விரல்கள் தோலில் படும் விதத்தைக்கூடப் பார்க்க முடிகிறது. மகளுக்கு ராகம் தெரியாது. எனக்கும் அதிகம் தெரியாது. ஆனால் தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தொடையில் தட்டித் தாளம் போட அத்தை கற்றுக்கொடுத்தார். கேன்டீனில் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும் என்பதால் வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய், அங்கே காபி மட்டும் குடிக்கிறோம். அதே மாதத்தில், பொழுது விடியும் முன்பே மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை கோஷ்டிகள் பாடிக்கொண்டு வலம் வரும். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய வழக்கம் இது. பின்னாலேயே நடந்துபோக யாருக்கும் தடையில்லை.

பங்குனியில் கபாலீசுவரர் கோயில் பெருவிழா. அறுபத்து மூவர் உலாவன்று அந்த நான்கு மாட வீதிகளில் பையில் பணமே இல்லாமல் ஒரு நாளைக் கழிக்கலாம் என்று சொன்னால் அது மிகையன்று. வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். போன ஆண்டு ஒரு பந்தலில், தம்ளரை நீட்டிய பெரியவர், "இன்னொண்ணு வாங்கிக்கம்மா, குழந்தை முகம் வாடிக் கிடக்கு" என்று தானே ஊற்றிக் கொடுத்தார். வெயில் ஏறுவதற்குள் கொஞ்சம் நிழலைப் பிடித்து நின்றுகொள்வது நல்லது.

ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இலவசமாகப் போகும் இடங்களில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை கிடைப்பது இன்னும் அரிதாகவே இருக்கிறது. ஒரு பூங்காவில் கதவே இல்லாத கழிப்பறையைப் பார்த்துவிட்டு, அத்தையை அழைத்துக்கொண்டு பாதியிலேயே வீடு திரும்பியிருக்கிறோம். நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடலாம் என்று பெண்கள் முடிவெடுக்கும்படி ஓர் ஊர் இருக்கக் கூடாது. இப்போது நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் இதைப் பார்த்துக் காலண்டரில் குறித்துவிடுகிறேன்.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது ஆமை நடை. பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் ஜனவரி முதல் முட்டையிடச் சென்னைக் கரைக்கு வருகின்றன. 1988-இல் மாணவர்கள் தொடங்கிய எஸ்.எஸ்.டி.சி.என். என்னும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள் அந்த மாதங்களில் இரவெல்லாம் கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கட்டணமின்றி அழைத்துச் செல்கிறார்கள். அலுவலகத் தோழியோடு நான் ஒருமுறை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்தேன். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. நள்ளிரவு தாண்டிய பிறகு, முன்னே சென்ற இளைஞர் சட்டென்று நின்றார். டிராக்டர் சக்கரம் ஏறிப் போனது போல ஒரு தடம், அலையிலிருந்து மேலே வந்து மறுபடி கடலுக்குத் திரும்பியிருந்தது. அவர் ஒரு கம்பால் மெல்லக் குத்திப் பார்த்து மண் இளகிய இடத்தைக் கண்டுபிடித்து, முழங்கை மறையும் ஆழத்துக்குத் தோண்டி, டேபிள் டென்னிஸ் பந்து போன்ற முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்தார். நூறுக்கும் மேல் இருந்தன. தொட்டுப் பார்த்தேன், ஓடு தோல்போல மெத்தென்றிருந்தது. குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசைக்குத்தான் ஊர்ந்து போகும் என்பதால், தெருவிளக்குகளை நம்பிச் சாலைக்கு வந்து சாகாமல் இருக்க முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நடை முடிந்து, விடியற்காலை 29சி-யில் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மகளுக்கு அந்த இரவு நடை முடியாது என்பதால், மார்ச் மாதத்தில் ஒரு மாலை பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்துக்கு அவளை அழைத்துப் போனேன். ஏறக்குறைய ஏழு வாரம் மண்ணுக்குள் கிடந்த முட்டைகளிலிருந்து வெளிவந்த குஞ்சுகளைக் கூடையில் கொண்டுவந்து, அலைக்குச் சற்றுத் தள்ளி ஈர மணலில் விட்டார்கள். ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி அவை நகர, மணலில் தையல் போட்டது போல் சின்னத் தடங்கள் விழுந்தன. ஒன்று மட்டும் ஒரு காலடிப் பள்ளத்தில் விழுந்து ஏற முடியாமல் திணறியது. எடுத்துவிடலாமா என்று மகள் கேட்க, தொண்டர் ஒருவர் தலையசைத்து மறுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். அது இரண்டு முறை சரிந்து, மூன்றாம் முறை விளிம்பில் ஏறியது. வந்த அலை அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்று விட்டவை 83 என்று அவர் நோட்டில் எழுதினார். வீட்டுக்கு வந்ததும் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, காலண்டரில் அந்தத் தேதிக்குள் அதே எண்ணை எழுதி, பக்கத்தில் ஓர் ஆமையும் வரைந்தாள்.