விபூதிப் பட்டையோடு ஒரு கான்ஸ்டபிள்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் கையில் ஒரு வரி வசனம்கூட இல்லை. மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஷோ. ஆறு பேர், எட்டுக் குட்டி நாடகங்கள், ஆழ்வார்பேட்டையில் 80 நாற்காலி போட்ட ஒரு ஹால்.

அமெரிக்காவில் 1975இலிருந்து நடக்கும் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டிவி காமெடி ஷோ ஆட்களே செவ்வாய் ராத்திரி கண்விழித்து எழுதி, புதன்கிழமை எல்லாரும் உட்கார்ந்து வாசித்து, சனிக்கிழமைதான் மேடையேறுகிறார்கள். நாங்கள் அதை 22 மணி நேரத்தில் முடிக்கக் கிளம்பினோம். கொழுப்புதான்.

அவர்களிடமிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். கடைசி ஒத்திகையையும் ஆட்களை உட்காரவைத்து நடத்துவது, சிரிப்பு வராததைத் தூக்கிவிடுவது. நாலு மணிக்குத் தெரிந்தவர்கள் பதினைந்து பேர் வந்தார்கள். இரண்டு நாடகம் போணியாகவில்லை. அதில் ஒன்று நான் எழுதிய ரேஷன் கடை கியூ. பதினைந்து பேரும் நிஜ கியூவில் நிற்கிற முகத்தோடு பார்த்தார்கள். வெட்டியாயிற்று.

வசனத்தைவிட உடை மாற்றுவதுதான் உயிரை வாங்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இருந்தது ஒரே துண்டு. தோளில் போட்டால் கட்சிக்காரர், தலையில் கட்டினால் கொத்தனார், இடுப்பில் கட்டினால் குருக்கள். எந்த நாடகத்துக்குப் பிறகு எது, யார் எந்தப் பக்கம் நுழைய வேண்டும், துண்டு அப்போது யாரிடம் இருக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி, மேடையோரத்து மறைவான சைடு விங்கில் ஒட்டினோம். வசனம் மறந்தால் எதிரில் நிற்பவன் எடுத்துக்கொடுப்பான். துண்டு வலது விங்கில் கிடக்க, இடது விங்கில் நீங்கள் நின்றால் கடவுளே வந்தாலும் ஆகாது.

அந்தத் தாளில் விபூதியை எழுத மறந்துவிட்டோம்.

மூன்றாவது நாடகத்தில் நான் குருக்கள், நாலாவதில் கான்ஸ்டபிள். நடுவே 40 விநாடி இருட்டு. வேட்டிக்குள்ளேயே காக்கி பேண்ட் போட்டிருந்தேன், சட்டை மாட்டினேன், தொப்பி வைத்தேன், லத்தியோடு நுழைந்தேன். ஹால் அதிர்ந்தது. ஏனென்று புரியவில்லை. திருடனாக நின்ற நண்பன் என் நெற்றியையே பார்த்தான்.

"ஏட்டய்யா, இது ஸ்டேஷனா, சன்னிதியா?"

அப்போதுதான் பட்டை ஞாபகம் வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "இப்பதான்டா உண்டியல் கேஸை முடிச்சுட்டு வரேன்."

அவன் சட்டென்று கையைக் குவித்து நீட்டினான். "அப்போ பங்கு... இல்ல, பிரசாதம்?"

சிரிப்பு அடங்கவே இல்லை. அது பாதியாகக் குறையும்வரை அடுத்த வரியைத் தொடக்கூடாது என்று நான்தான் எல்லாருக்கும் பாடம் எடுத்திருந்தேன். காத்திருந்தேன். குறைந்தது. வாயைத் திறந்தேன். லைட் அணைந்தது.

ராத்திரி மூன்று மணிக்கு நான் எழுதிய இரண்டு பக்கமும், அதன் கடைசி வரியும் அந்த இருட்டில் போயிற்று. ஷோ முடிந்ததும் லைட் போட்ட தம்பியிடம் ஓடினேன்.

"நல்லாச் சிரிச்சா அணைச்சிடுன்னு நீங்கதானே அண்ணா சொன்னீங்க?"