வேட்டைக்குப் போய்வரும் நேரம்: கொடை நாட்குறிப்பு

ஏப்ரல் 24, 2025, வியாழன்

நாங்குநேரிப் பக்கத்து ஊரிலிருந்து போன். சுடலைமாடன் கோயிலில் நாளை பந்தல்கால் நடுகிற கால்நாட்டு, அடுத்த வெள்ளி கொடை, அதாவது கோயில் திருவிழா. "இந்தத் தடவையாவது படத்தக் கண்ணுல காட்டுவியளா அண்ணாச்சி?" என்றார் நிர்வாகி. கேலிதான். ஆனாலும் சுருக்கென்றது.

போன வருஷக் கொடையில் நான் எடுத்த படங்களையும் வீடியோவையும், விடிகாலையில் பந்தல் பெஞ்சில் லேப்டாப்பை வைத்து, மெமரி கார்டிலிருந்து போர்ட்டபிள் ஹார்டுடிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தேன். முதல் கார்டு ஏறியதும் அதை அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததை எடுத்தேன். இரண்டாம் கார்டு ஏறும்போது யாரோ பெஞ்சை இழுக்க, டிஸ்க் ஓடியபடியே தரையில் விழுந்தது. அப்புறம் எப்போது சொருகினாலும் டக், டக் என்ற சத்தம்தான். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதைப் படிக்கிற முனை தட்டைத் தொடாமல், முடியிழையைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கும். ஓடாமல் கிடக்கிற டிஸ்க் விழுந்தால் தப்பிக்கலாம். ஓடும்போது விழுந்தது தப்பித்தால் அது மாடன் கிருபை. அன்றைக்குக் கிருபை இல்லை.

மீட்டுத் தருகிற இடத்தில் 22,000 ரூபாய் கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். போனது சாமி கதையைப் பாடி ஆடுகிற கணியான் கூத்து, அதிலும் கூத்தின் தலைமைப் பாடகர், அந்தப் பெரிய அண்ணாவி பாடிய இரவு.

ஏப்ரல் 26, சனி

நேற்று ராத்திரி போட்ட கணக்கு: என் கேமரா 24 மெகாபிக்சல், ஒரே ஒரு கார்டுதான் போடலாம். கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கிற 'ரா' படம் ஒன்று 28 எம்பி வரும். ஒரு ராத்திரியில் 2,000 படம் என்றால் 56 ஜிபி. கூத்தை 4கே வீடியோவாக எடுத்தால், நொடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் மணிக்கு 45 ஜிபி. ஆகவே 1 டிபி, அதாவது 1,000 ஜிபி, தாராளம்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். 2 டிபி ஹார்டுடிஸ்க். கிட்டத்தட்ட அதே விலையில் 1 டிபி எஸ்எஸ்டி. "அதே ரூவாய்க்கு இரட்டிப்பு இடம். இத ஏன் வேண்டாங்கிய?" விழுந்த கதையைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் ஹார்டுடிஸ்க்கை உள்ளே வைத்துவிட்டார். எஸ்எஸ்டி சிப்பில்தான் சேமிக்கும், ஓடுகிற உறுப்பு எதுவும் கிடையாது. ரப்பர் உறை போட்ட ரகம், ஐபி65 என்று போட்டிருந்தது: தூசி உள்ளே போகாது, தண்ணீர் பீச்சினாலும் தாங்கும். திருநீறும் மஞ்சள் தண்ணீரும் பறக்கிற இடத்துக்கு அது போதும்.

மச்சான் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தான்: 2 டிபி பென்டிரைவ், 599 ரூபாய். இந்த மாதிரிச் சரக்கில் உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோதான். 2 டிபி இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். காப்பி ஆவதுபோலவே தெரியும், திறந்தால்தான் வண்டவாளம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. முழுவதும் எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். வாங்கிய எஸ்எஸ்டியிலும் கார்டுகளிலும் அதைத்தான் ராத்திரி ஓடவிட்டேன். பிழை எதுவும் இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

அட்டையில் 'நொடிக்கு 1,050 எம்பி' என்று கொட்டை எழுத்து. அந்த வேகம் எனக்குக் காட்சிப் பொருள். என் கார்டு யுஎச்எஸ்-1 ரகம். அதன் உச்சமே 104. வீட்டில் 64 ஜிபி கார்டை ஏற்றிப் பார்த்ததில் 88 கிடைத்தது, 12 நிமிடம். பிறகு எஸ்எஸ்டியோடு வந்த குட்டைக் கேபிளை எடுத்துவிட்டு, போன் சார்ஜர் கேபிளைப் போட்டேன். அதே முனை, அதே பருமன். 38தான் வந்தது, 28 நிமிடம்! சார்ஜர் கேபிளில் பெரும்பாலும் வேகம் குறைந்த யுஎஸ்பி 2.0 கம்பிதான் இருக்கும். குட்டைக் கேபிளில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன்.

12 நிமிடமா 28 நிமிடமா என்று ஏன் இத்தனை அலட்டல்? கொடையில் எனக்குக் கை ஓய்வது ஒரே ஒரு நேரம்தான். சாமக்கொடையில் சாமியாடி தீப்பந்தத்தோடு மயானத்துக்கு வேட்டைக்குப் போவார். யாரும் பின்னால் போகக் கூடாது, கேமராவுக்கும் தடை. போய்த் திரும்ப அந்த ஊரில் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் இரண்டு கார்டும் ஏறியாக வேண்டும். ஏற்றுகிற ஆளோ பாதித் தூக்கத்தில் இருப்பான்.

அதனால் லேப்டாப் வேண்டாம். போன், கார்டையும் எஸ்எஸ்டியையும் அதோடு இணைக்க ஒரு சின்ன ஹப், 20,000 எம்ஏஎச் பவர்பேங்க். ஹப்புக்கு பவர்பேங்க்கிலிருந்து கரண்டு கொடுத்தால் எஸ்எஸ்டி போனை உறிஞ்சாது. எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட் என்கிற கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மட் செய்தேன். பழைய ஃபேட்32 முறை என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, வீடியோவுக்கு ஆகாது. எக்ஸ்ஃபேட்டிலும் ஒரு சிக்கல்: எழுதும்போது பிடுங்கினால் எளிதில் குழம்பும்.

மே 3, சனி, காலை 6 மணி, கோயில் திண்ணை

பெரிய அண்ணாவி வரவில்லை. முட்டுவலியாம், மகன் வந்திருந்தார். மகுடம் என்கிற தோல்வாத்தியத்தை வைக்கோல் தீயில் காட்டிக் காட்டி விரலால் சுண்டுகிறார். மழுங்கலாகக் கேட்ட தோல் சூடேறச் சூடேற 'ணங்' என்று பேசத் தொடங்குகிறது. தீ வெளிச்சத்தில் அவர் காதைச் சாய்த்துக் கேட்கிற படம் ஒன்று சரியாக விழுந்திருக்கிறது.

சாமியாடி வேட்டைக்குக் கிளம்பியதும் பந்தல் விளக்கை அணைத்துவிட்டார்கள். திண்ணை மூலையில் கடையை விரித்தேன். படக் கார்டு 51 ஜிபி, வீடியோ 96. பக்கத்தில் படுத்திருந்த ஆச்சி எழுந்து, "எய்யா, இதென்ன, சோப்புக் கட்டியில வயரச் சொருவி வச்சிருக்க?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள், வெளியே போக எழுந்தவளின் சேலை முந்தானை கேபிளில் மாட்டி, எஸ்எஸ்டி திண்ணையிலிருந்து மண்ணில் விழுந்தது.

ஒரு கணம் போன வருஷத்து டக் டக் காதில் கேட்டது. துடைத்துச் சொருகினேன், வந்துவிட்டது. ஆனால் கார்டில் 1,836 படம், எஸ்எஸ்டியில் 1,791. கடைசிப் படத்தின் அளவு 0. எண்ணிப் பார்க்காவிட்டால் தெரிந்திருக்காது, ஃபோல்டர் லட்சணமாகத்தான் இருந்தது. கடைசி ஒன்றை அழித்து, அதையும் விட்டுப்போன 45 படத்தையும் திரும்ப ஏற்றினேன். வீடியோ முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது தூரத்தில் மேளம் கேட்டது.

இந்தத் தடவை எந்தக் கார்டையும் அழிக்கவில்லை. எடுத்து முடித்த கார்டு, ஓரத்துப் பூட்டைத் தள்ளி இடப் பை, காலிக் கார்டு வலப் பை. அந்தப் பூட்டு வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். கார்டு தன்னைப் பூட்டிக்கொள்வதில்லை, கேமராதான் அதைப் பார்த்து மரியாதை கொடுக்கிறது. தூக்கக் கலக்கத்தில் தப்பான கார்டை ஒருமுறை கேமராவில் போட்டேன். பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டது. அந்த மரியாதை போதும்.

வீட்டுக்குப் போகும்போது கார்டுகள் சட்டைப்பையில், எஸ்எஸ்டி தோள்பையில். பஸ்ஸில் ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று மிஞ்சும்.

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது, மாடி அறையில் உட்கார முடியவில்லை. கார்டிலும் எஸ்எஸ்டியிலும் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் போட்டு ஒத்துப் பார்த்தேன். கைரேகை மாதிரி ஓர் எண். ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். எல்லாம் ஒத்துப்போயின.

இப்போது பிரதி எடுத்து வைக்க ஹார்டுடிஸ்க் வாங்கியிருக்கிறேன். வீட்டில் கேட்ட கேள்வி நியாயமானதுதான்: "அதுதான் ஆகாதுன்னியளே?" ஆகாதது பந்தலுக்கு. பீரோவுக்கு அதுதான் சரி. கரண்டு கொடுக்காமல் வருஷக்கணக்கில் கிடந்தால் எஸ்எஸ்டியில் இருக்கிற மின்னேற்றம் கசிந்து தகவல் கெடலாம், வெக்கையில் இன்னும் சீக்கிரம். ஒரு பிரதி இங்கே, இன்னொன்று அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டில். எஸ்எஸ்டி அடுத்த கொடைக்குக் காலியாகும்.

மே 9, வெள்ளி

நிர்வாகிக்குப் பென்டிரைவில் 200 படம் கொடுத்தாயிற்று. வாங்கிக்கொண்டு, "அப்ப போன வருஷத்தது?" என்றார்.

சாயந்திரம் அண்ணாவி மகன் போன் செய்தார். அப்பா இனிமேல் ராத்திரி முழுக்க நின்று பாடமாட்டாராம். "போன கொடையில நீங்க வீடியோ எடுத்தியள்லா, அதக் கேக்கணும்ங்காவ."

பழைய டிஸ்க்கை பீரோவிலிருந்து எடுத்தேன். சொருகிப் பார்க்கவில்லை, ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் முனை தட்டைச் சுரண்டும். துண்டில் சுற்றிப் பையில் வைத்துவிட்டேன், திங்கட்கிழமை கொண்டு போகிறேன். 22,000 விஷயத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.